மீன் பிடிக்கிற வீட்டில் மீன் இறக்குமதி

நொச்சிக்குப்பம்,
சென்னை – 4.
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி பாரத் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அதுபோல மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நம் எல்லையம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். தினம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். பாரத்தும் அதையேதான் கேட்டான், வாய்ஸ் மெசேஜ் போட்டா ரெண்டு நிமிசத்துல போய்ச் சேந்துடும், இன்னாத்துக்கும்மா பேனாவத் தூக்கினு குந்திகினு கீறேன்னு. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், கீழ்வீட்டு ரத்னா குரல் கேட்டு மேலே ஏறி வந்து நானும் ஒரு வார்த்தை பேசிக்கிறேன் என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல முடிகிறதா சொல்லு. உன்கூட வேலை செய்யும் தஹ்சீன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் பெட்டியில் உனக்கு ஒரு பொட்டலம் வைக்கிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். ஆற அமரப் படி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். இன்னும் மூன்று வருஷத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அன்றைக்குப் போனில் சொன்னாய். நீ சொல்லி முடிப்பதற்குள் உன் அப்பா, போடு போடு, இதுல இன்னா யோசனை, மூணு வருசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்பூடும், அதுக்குள்ள நம்ம போட்டுக்குப் புது இஞ்சின் வாங்கிடலாம் என்று முந்திக்கொண்டார். நீ, அம்மா நீ இன்னா சொல்றே என்று என்னைக் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த யோசனையைத்தான் இப்போது எழுதுகிறேன். அன்றிலிருந்து எனக்கு மீன் வியாபாரத்தில் புத்தி நிற்கவில்லை, அடையாறிலிருந்து கார் போட்டுக்கொண்டு வரும் ஒரு அம்மா வஞ்சிரத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் பையை எடுக்கும்போது மறுபடியும் காசு கேட்டு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரத்னா பக்கத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாள், கங்கம்மாவுக்கு மறை கழண்டுடுச்சுடோய் என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி.

வீட்டு விஷயம் சொல்கிறேன். என் முழங்கால் இப்போது தேவலை, மூன்றாவது மாடி ஏறி இறங்க முடிகிறது. தண்ணி மோட்டார் மறுபடியும் ரிப்பேர், நம் பிளாக் ஆண்கள் எல்லோரும் கூடிக் கூடிப் பேசுகிறார்களே தவிர ஒருத்தனும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, கடைசியில் நானும் ரத்னாவும்தான் போய்க் கூட்டி வந்தோம். உன் தம்பி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான், அடையாறில் கோச்சிங் கிளாஸுக்குப் போய் வருகிறான், வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று அவன் கத்துகிற கத்தலில் எனக்கும் ஏறிவிட்டது. இந்த ஒரு மாதமாக வெளிநாட்டு வர்த்தகம், தேசிய வருமானம் என்று ஒரே பாட்டு. ஒரு நாடு வெளியே விற்பது ஏற்றுமதி, வெளியிலிருந்து வாங்குவது இறக்குமதி, விற்றதைவிட வாங்கினது அதிகமானால் அது வர்த்தகப் பற்றாக்குறை என்றான். அடப் பாவி, இதைப் படிக்கவா பீஸ் கட்டினோம், கூடை எடுத்த முதல் நாளே எனக்கு இது தெரியுமே என்றேன். அவசரப்படாதம்மா, சாமான் மட்டும் இல்லை, சேவையும் உண்டு என்றான். அடையாறில் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த வங்காளதேசத்துக் குடும்பம் என்னிடம் மீன் வாங்க வருவார்களே, பாஷை தெரியாமல் விரலைக் காட்டி வாலைக் காட்டிப் பேரம் பேசுவார்களே, உனக்கு ஞாபகம் இருக்கும், அவர்கள் இங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டது நம் நாட்டுக்கு ஏற்றுமதியாம். டாக்டர் இங்கேயேதான் இருக்கிறார், ஊசி இங்கேயேதான் போட்டார், ஆனாலும் வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்ததால் அது ஏற்றுமதி. அப்படியென்றால் நான் விற்ற மீன் என்று கேட்டேன். அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்றான். ரத்னாவிடம் போய் நான் இனிமேல் எக்ஸ்போர்ட்டர், மரியாதையாகப் பேசு என்றேன். அய்யே, எக்ஸ்போர்ட்டர் மூஞ்சியப் பாரு, மொதல்ல தராசத் தொடைடி என்றாள்.

இன்னொன்று கேள், இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷத்தில் நாட்டின் எல்லைக்குள் உண்டாக்கின பொருள், செய்த வேலை எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டினால் அது உள்நாட்டு உற்பத்தியாம். உன் அப்பா பிடித்த மீனை நான் விற்று, அதை ஓட்டல்காரன் வறுத்து விற்றால் மூன்று பேர் விலையையும் அப்படியே கூட்டக் கூடாதாம், ஒவ்வொருத்தர் கையிலும் எவ்வளவு மதிப்பு ஏறியதோ அதை மட்டும்தான் கூட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒரே மீனை மூன்று தடவை எண்ணினதாக ஆகிவிடும். சரி, நியாயம். உன் அப்பா விற்காமல் வீட்டுக்கு எடுத்து வருகிற மீன் கணக்கில் வருமா என்றேன். நாமே பிடித்து நாமே தின்றாலும் அது உற்பத்தி, கணக்கில் உண்டு என்றான். அதை நான் கழுவி, ஆய்ந்து, மசாலா அரைத்துக் குழம்பு வைக்கிறேனே, அது என்றேன். அது கணக்கில் இல்லையாம். வீட்டு ஆட்களுக்குப் பெண்கள் செய்கிற சமையல், துணி துவைப்பது, பிள்ளை வளர்ப்பது ஒன்றும் சேராதாம். அதே குழம்பை மார்க்கெட் வாசலில் வைத்து விற்றால் சேருமாம். பச்சை மீனுக்கு மதிப்பு, குழம்புக்கு மதிப்பில்லை, எவன்டா இந்தக் கணக்கை எழுதினான், அவன் வீட்டில் பச்சையாகத்தான் தின்பானா என்று கேட்டேன். நான் எழுதலம்மா, பரீட்சைல இப்டிதான் எழுதணும் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனுக்கு ரசம்தான்.

அப்புறம்தான் உன் பேச்சு வந்தது. நம் மேகலா சம்பாதிப்பது எந்த நாட்டுக் கணக்கில் வரும் என்று நானே கேட்டேன். அங்கே ஆஸ்பத்திரியில் நீ பார்க்கிற வேலை ஓமன் நாட்டு உற்பத்தியில் சேரும் என்றான். வேலை அங்கே செய்கிறாள், சேர்ந்துவிட்டுப் போகட்டும். ஆள் நம் ஆள்தானே என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, இல்லம்மா, ஒரு வருசத்துக்கு மேல வேற நாட்டுல தங்கி சம்பாரிச்சா கணக்குப்படி அவங்க அந்த நாட்டு ஆளுதான், பாஸ்போர்ட்டு இன்னாவா இருந்தாலும் சரி என்றான். அப்பா எந்தக் கடலில் வலை போட்டாலும் போட் நம் போட் என்பதால் அந்த மீன் நம் நாட்டு உற்பத்தி. படிக்கப் போனவர்கள், வைத்தியத்துக்குப் போனவர்கள் எத்தனை வருஷம் வெளியே இருந்தாலும் அவர்களும் நம் ஊர் ஆட்கள்தான். உழைக்கப் போனவளை மட்டும் வெளியூர்க்காரி என்று எழுதிவிடுகிறார்கள். நீ மாதாமாதம் அனுப்புகிற பணம் மட்டும் தனியாக ஒரு வரியில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பியது என்று நம் நாட்டுக்கு வரவாக வந்து சேருமாம். எனக்குச் சுருக்கென்று இருந்தது மேகலா. பணம் உள்ளே, பெண் வெளியே. அவன் என்னவோ புஸ்தகத்தில் இருப்பதைச் சொன்னான், அவன்மேல் தப்பில்லை, ஆனால் நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

இதற்கு நடுவில்தான் தஹ்சீன் திருவல்லிக்கேணியிலிருந்து நம் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண், பேரீச்சம்பழமும் அல்வாவும் வாங்கி வந்திருந்தாள், உன்னைப் பற்றி நிறையப் பேசினாள். பேச்சுவாக்கில், போன தடவ நீங்க குடுத்தனுப்பின கருவாட்ட மேகலா வறுத்து ஒரு துண்டு வாயில வச்சதுமே, இது எங்கம்மா உப்பு இல்லன்னு சொன்னாம்மா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன தடவை முழங்கால் வலியில் நான் படுத்திருந்தேன், கரையில் யாராவது பெண்கள் நல்லபடியாகக் காயவைத்தது இருக்கும், வாங்கி வா என்று உன் அப்பாவைத்தான் அனுப்பினேன். தஹ்சீன் போனதும் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் கரையில்தான் வாங்கினேன் என்றார். யாரிடம் என்றேன். ஒரு பாட்டி என்றார். எந்தப் பாட்டி, பெயரைச் சொல்லு என்றேன். அப்புறம் மெதுவாக வருகிறது, பட்டினப்பாக்கம் வரைக்கும் நடக்க சோம்பேறித்தனப்பட்டுக்கொண்டு, டீ குடிக்கப் போன இடத்தில் ஒரு ஏசி கடைக்குள் புகுந்து பாக்கெட் கருவாடு வாங்கி, மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். குஜராத்தில் பிடித்து குஜராத்தில் காயவைத்ததாம். கல்லு மண்ணு இல்லாம நீட்டா இருந்துச்சு கங்கம்மா என்று வேறு சொல்கிறார். கடலை வாசலில் வைத்துக்கொண்டு, காலையில் கண்ணைத் திறந்தால் போட் தெரிகிற வீட்டில் இருந்துகொண்டு, பெற்ற பெண்ணுக்கு ஏசி கடைக் கருவாட்டை அனுப்பிய ஒரே மீன்காரன் இந்த உலகத்தில் உன் அப்பாவாகத்தான் இருக்கும். பாரத் தரையில் உருண்டு சிரிக்கிறான், மீன் புடிக்கிற வூட்ல மீன் இம்போர்ட்டா, இத எங்க சார் கிட்ட சொன்னா கேள்வித்தாள்லயே போட்டுடுவாரு என்று. உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, அந்த நாட்டுக் கணக்கை விடு, நம் வீட்டை ஒரு நாடு என்று வைத்துக்கொள், இது எப்படி ஓடுகிறது என்று வாயாலேயே சொல்லு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். நம் வீடு வெளியே விற்பது அப்பா பிடிக்கிற மீன், நான் பார்க்கிற வியாபாரம், இரண்டும்தான். நீ மஸ்கட் போவதற்கு முன்பு அப்பா காற்று பார்த்து வாரம் முழுக்கக் கடலுக்குப் போவார், விலை போகாத மீனை நான் உப்புக் கண்டம் போட்டுக் காயவைத்து அதையும் விற்பேன். நீ பணம் அனுப்ப ஆரம்பித்த பிறகு, யாரும் யாரையும் சொல்லாமலேயே, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிட்டது. காத்து சரியில்ல, முதுகு வலிக்குது என்று அப்பா வாரத்தில் பாதி நாள் கரையிலேயே சீட்டாடுகிறார். உப்புக் கண்டம் நின்றது. மாவு பாக்கெட்டில் வருகிறது, ஏசி ஓடுகிறது, பாரத்துக்குத் தவணையில் பைக் வந்தது. வாங்குவது ஏறிவிட்டது, விற்பது இறங்கிவிட்டது, நடுவில் இருக்கிற பள்ளத்தை நீ நிரப்புகிறாய். இது ஒண்ணும் கேவலமில்லம்மா, நம்ம நாடே அப்டிதான், பெட்ரோலும் தங்கமும் வாங்கறதுல சாமான் கணக்குல எப்பவும் துண்டு விழுது, கம்ப்யூட்டர் கம்பெனிங்க சம்பாரிக்கறதும் வெளிநாட்ல கீறவங்க அனுப்பறதும்தான் பெரும்பாலும் அத அடைக்குது என்று எனக்குத் தைரியம் சொன்னான். நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கோடிப் பேர்டா, அதில் ஒருத்தி இந்த மாதம் முடியவில்லை என்று உட்கார்ந்தால் நாட்டுக்குத் தெரியக்கூடத் தெரியாது, இந்த வீட்டுக்கு இருப்பது ஒருத்திதானே என்றேன். உனக்கு வெளிப்படையாகவே சொல்கிறேன் மேகலா, அன்றைக்குப் போனில் வந்துவிடு என்று எங்களில் ஒருத்தர் வாயிலிருந்தும் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ வந்தால் இந்த வீடு நிற்காது என்கிற மாதிரி நாங்களே வைத்திருந்தோம்.

அன்றைக்கே, வருகிற திங்கட்கிழமையிலிருந்து இந்த வீடு இந்த வீட்டில் வருவதை வைத்துத்தான் ஓடும், மேகலா அனுப்புவது அவள் பேரில் பேங்கில் கிடக்கும் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே. இன்னாடி, நிதி மந்திரி மாரி உத்தரவு போடறே, நான் இன்னா சும்மாவா குந்திகினு கீறேன் என்றார். ஆமாம், சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அதனால் வீடு அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே எழுந்து, போட்டில் கூட்டாளியான உன் மாமா மதிவாணனைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் தூக்கக் கலக்கத்தில், இன்னா மச்சான், வூட்ல சண்டையா என்று கேட்டானாம். பத்து மணிக்கு அரைக் கூடை நெத்திலியோடு வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தார். கோபம் இருந்தாலும் தைலம் தேய்த்துவிட்டேன், வயசும் ஆகிறதல்லவா. அன்றிலிருந்து விடாமல் போகிறார். பாரத் பைக்கைப் பக்கத்துப் பிளாக் பிரபாகரிடம் தள்ளிவிட்டான், மிச்சத் தவணை இனி அவன் பாடு, இவன் பஸ்ஸில் போகிறான். சாயங்காலத்தில் நம் பிளாக் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான், இப்போது நம் வீட்டிலும் சேவை ஏற்றுமதி உண்டு என்று பெருமை வேறு. நான் மறுபடியும் உப்புக் கண்டம் போட்டேன். இந்தப் பொட்டலத்தில் இருக்கிற நெத்திலி, வாளை, கானாங்கத்தை மூன்றும் உன் அப்பா பிடித்தது, நான் ஆய்ந்து உப்புப் போட்டு, கடற்கரை லூப் ரோடு மணலில் வலை விரித்துக் காக்காய் ஓட்டிக் காயவைத்தது. இதையும் பாரத் விடவில்லை, இனாமாக அனுப்பினாலும் இது ஏற்றுமதி, காசு வராததால் எதிர்ப்பக்கத்தில் அன்பளிப்பு என்று எழுத வேண்டும், இரண்டு இடத்தில் வரும் என்றான். எழுதிக்கோ, பெட்டியில் நாற்றம் வராமல் கட்டுவதற்கு முதலில் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டா என்றேன்.

உன் அப்பாவைப் பற்றி ஒரேயடியாகக் குறை சொல்லவும் கூடாது. இஞ்சின் விஷயத்தில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது இருக்கிறது பழசு, நடுக்கடலில் நின்று போனால் இன்னொரு போட் இழுத்து வர வேண்டியிருக்கிறது. பாரத்தும் அவர் பக்கம்தான் பேசினான், பற்றாக்குறை என்றாலே தப்பு கிடையாது, வெளியிலிருந்து வருகிற பணத்தைத் தின்று தீர்த்தால்தான் ஆபத்து, நாளைக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற மிஷினாகப் போட்டால் அது முதலீடு, நாடுகள் அப்படித்தான் முன்னேறின என்றான். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் இந்த முதலீட்டில் போடுகிற முதல் எது என்று யோசித்தேன். பணம் என்று அவர்கள் இரண்டு பேரும் நினைக்கிறார்கள். உன்னுடைய மூன்று வருஷம் அது. தஹ்சீனை நான் துருவித் துருவிக் கேட்டேன், அவளைத் திட்டாதே. நீ லீவு நாளிலும் மற்றவர்கள் டியூட்டியை வாங்கிப் பார்க்கிறாயாம், மாதக் கடைசியில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு பிஸ்கட் தின்கிறாயாம், அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாகப் போனில் பார்த்துவிட்டு, சம்பளம் பாதிகூட இல்லை, எங்க வீடு தாங்காது என்று சொல்லி மூடி வைத்துவிட்டாயாம். எங்க வீடு தாங்காது என்று நீ சொன்னதைக் கேட்டு அன்றைக்கு அழுதேன். அதற்கப்புறம் அழவில்லை, எழுந்து வேலையைப் பார்த்தேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, அங்கே இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும், அந்த ஊர் உனக்கு ஒத்துப்போகிறது என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடு, நான் சந்தோஷமாக உன்னை வழியனுப்பினவள்தான், இன்னமும் அப்படித்தான். எங்களுக்காகப் போடுவதாக இருந்தால் போடாதே. நீ இல்லாமல் வீடு ஓடுமா என்று இந்தச் சில வாரமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சுகமாக ஓடுகிறது என்று பொய் சொல்லமாட்டேன், ஏசியை நிறுத்திவிட்டோம், வாரத்தில் ஒரு நாள் கையைக் கடிக்கிறது, மழைக்காலம் வந்தால் இன்னும் கடிக்கும். ஆனால் உலை கொதிக்கிறது, யாரிடமும் கை நீட்டவில்லை. போன மாதம் நீ அனுப்பினதை நாங்கள் தொடவில்லை, அப்படியே இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து அனுப்பாதே. உன் கையிலேயே வைத்துக்கொள், மத்தியானம் சாப்பிடு, ஒரு நல்ல செருப்பு வாங்கு, வெள்ளிக்கிழமை லீவில் அந்தப் பெண்களோடு கடற்கரைக்குப் போ. அந்த ஊர்க் கடலையும் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லு.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், அந்த ஊர்த் தண்ணிக்கு முடி கொட்டும். ஏசி நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி படுக்காதே. தஹ்சீனுக்குக் கருவாட்டில் பாதி கொடு, அவளும் வேண்டும் என்று கேட்டாள். மாதக் கடைசித் தேதியை மறந்துவிடாதே, போடுவதானாலும் போடாவிட்டாலும் அதை நீ முடிவு செய்து, யாருக்கும் பயப்படாமல் அவர்களிடம் சொல்லு. எல்லையம்மன் உனக்குத் துணையாக இருப்பாள், கை கால் நோகாமல், யார் வாயிலும் விழாமல், நினைத்தது நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதுவதை உன் அப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார், இன்னா எழுதறே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கடைசியில் கொஞ்சம் இடம் விடு என்று மட்டும் சொன்னார். அவர் பேனா பிடித்து நான் பார்த்ததே இல்லை. இடம் விட்டிருக்கிறேன், என்ன எழுதுகிறாரோ அவர் பாடு உன் பாடு.

இப்படிக்கு,
உன் நலத்தை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ப. கங்கம்மா.

மேகலா, அப்பா எழுதறேன். புது இஞ்சின் வேணாம். பழசே ஓடுது. நான் அன்னிக்கு போன்ல அவசரப்பட்டு சொல்லிட்டேன். கையெழுத்து போடாத. வந்துடு கண்ணு.
பக்கிரி